எல்லாம் வேண்டுமென்றே நடக்கிறதா?

வாசகி ஒருவர் எழுதியது: "ஏழெட்டு மாதமாக ஒரு சந்தேகம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நான் விடுப்பு எடுக்கிற நாளாகப் பார்த்துத்தான் மேலாளர் அவசர வேலை என்று கூப்பிடுகிறார். கூட வேலை செய்கிற ஒருவர், எங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கல் வந்த மறுநாளே வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் முதுகில் குத்துகிறவர்களைப் பற்றி ஏதாவது போடுகிறார். மடிக்கணினி கூட நான் அவசரத்தில் இருக்கும்போதுதான் அப்டேட் என்று நிற்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் 11:11. யாரோ எனக்கு எதிராக வேலை செய்கிறார்கள், இல்லை ஏதோ ஒன்று எனக்கு எதையோ உணர்த்தப் பார்க்கிறது என்று தோன்றுகிறது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் 'எல்லாம் உன் கற்பனை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். எனக்கு மனநோயா, இல்லை நான் சந்தேகப்படுவது சரிதானா?"

வணக்கம் சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மீதியை நிம்மதியாகப் படிக்க முடியாது. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியதில் பயப்படும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. 'ஒருவேளை எனக்குத் தோன்றுவது தப்போ' என்று நீங்களே கேட்கிறீர்களே, அது நல்ல விஷயம். எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதே சமயம் 'எல்லாம் கற்பனை' என்ற உங்கள் வீட்டுக்காரரின் தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. உங்கள் மேலாளர் உண்மையிலேயே உங்களைப் படுத்திக்கொண்டிருக்கலாம். அது எனக்குத் தெரியாது, உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாது, இப்போதைக்கு உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

உங்கள் நோட்டில் நான்கு குற்றவாளிகள் இருக்கிறார்கள்: மேலாளர், சக ஊழியர், மடிக்கணினி, கடிகாரம். முதல் இரண்டு பேருக்கு மனசு இருக்கிறது, அதனால் உள்நோக்கமும் இருக்க முடியும். மடிக்கணினிக்கு மனசு கிடையாது, ஆனால் அது இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்த மனிதர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்களை யாரென்றே தெரியாது. கடிகாரத்துக்குப் பின்னால் யாருமே இல்லை. இந்த நான்கையும் நீங்கள் ஒரே நோட்டில், ஒன்றுக்கொன்று சாட்சியாக எழுதிக்கொண்டு போகிறீர்கள். கடிகாரம் 11:11 காட்டினால் மேலாளர் மேல் சந்தேகம் கொஞ்சம் ஏறுகிறது, மேலாளர் கூப்பிட்ட நாளில் மடிக்கணினி நின்றால் அதுவும் சதியின் பாகமாகத் தெரிகிறது. முதல் வேலையாக இவற்றைத் தனித்தனிப் பக்கங்களுக்கு மாற்றுங்கள். இதைச் செய்ததுமே பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

இப்போது, ஏன் இப்படித் தோன்றுகிறது என்பதற்கு வருகிறேன். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிமெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன அசைவுப் படம் தயாரித்தார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு பெட்டி, அவ்வளவுதான் அதில் இருப்பது. அவை அங்குமிங்கும் நகர்கின்றன. பார்த்தவர்களிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் இந்தப் பக்கம் போனது, வட்டம் உள்ளே நுழைந்தது என்று வடிவியல் பாடம் போல எழுதினார். மற்றவர்கள் எழுதியது எல்லாமே உயிருள்ளவர்களின் கதை. பெரிய முக்கோணம் முரடன், சின்ன முக்கோணம் எதிர்த்து நிற்கிறவன், வட்டம் பயந்து ஒளிந்துகொள்கிறது, இந்த மாதிரி. அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது, உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். இது வெறும் வடிவம், இது வெறும் வடிவம் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அந்தப் பெரிய முக்கோணத்தின் மேல் கோபம் வராமல் இருக்காது. அவருக்கும் வரும்.

இதைக் கற்பனை என்று சொல்வது பொருந்தாது. கற்பனை என்றால் நாம் உட்கார்ந்து செய்வது, வேண்டாம் என்றால் நிறுத்தக்கூடியது. நோக்கத்தைப் பார்ப்பது அப்படி இல்லை, நிறத்தைப் பார்ப்பது போல அதுவாகவே நடந்துவிடுகிறது, யோசனை பிறகுதான் வருகிறது. மூளையின் இரண்டு பக்கத்திலும் அமிக்டலா என்ற பகுதி சேதமடைந்த ஒரு பெண்ணிடம் இதே முக்கோணப் படத்தைக் காட்டி ஒரு ஆய்வு 2004-இல் வந்தது. அவர் பார்வையில் குறையில்லை, மனிதர்களைப் பற்றிய அறிவிலும் குறையில்லை, ஆனால் அவர் சொன்ன விவரணையில் முரடனும் இல்லை, பயமும் இல்லை, நகரும் வடிவங்கள் மட்டும்தான். நம் எல்லாருக்கும் தானாக நடக்கிற ஒன்று அவருக்கு நடக்கவில்லை. அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஏதோ கூடுதலாக முளைத்த கோளாறு இல்லை, எல்லாரிடமும் இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் நமக்குச் சிக்கல், ஏனென்றால் எதிரில் இருப்பவர் கை நீட்டுவது அடிக்கவா அணைக்கவா என்று நொடியில் தெரியாமல் யாரோடும் வாழ முடியாது.

புதருக்குள் சலசலப்பு கேட்டதும் காற்று என்று நினைத்தவன் புலிக்கு இரையானான், புலி என்று நினைத்து ஓடியவன் பிழைத்தான், அவன் வாரிசுகள்தான் நாம் என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்வார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் அதை நிரூபிப்பது கஷ்டம், அதோடு உங்களுக்கு இன்றைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அதனால் விட்டுவிடுவோம்.

உங்களுக்குப் பயன்படுவது வேறொன்று. நோக்கத்தைத் தேடும் இந்தப் பழக்கம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஜோஷுவா நோப் என்ற தத்துவ ஆய்வாளர் 2003-இல் ஒரு பூங்காவில் இருந்தவர்களிடம் ஒரு சின்னக் கதை சொன்னார். ஒரு நிறுவனத் தலைவரிடம் புதிய திட்டம் ஒன்று வருகிறது, லாபம் கூடும் ஆனால் சுற்றுச்சூழல் கெடும் என்கிறார்கள். 'சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, லாபம் வந்தால் போதும், ஆரம்பியுங்கள்' என்கிறார் அவர். சூழல் கெடுகிறது. அவர் வேண்டுமென்றே கெடுத்தாரா என்று கேட்டால் 82 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். வேறு சிலரிடம் அதே கதையில் ஒரே ஒரு மாற்றம்: சூழல் கெடும் என்பதற்குப் பதில் மேம்படும். தலைவர் அதே அலட்சியத்தோடு அதே பதிலைச் சொல்கிறார், சூழல் மேம்படுகிறது. வேண்டுமென்றே மேம்படுத்தினாரா? 23 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். தலைவரின் மனசுக்குள் இருந்தது இரண்டு கதையிலும் ஒன்றேதான். விளைவு கெட்டதாக இருந்தபோது மட்டும் நோக்கம் முளைத்தது. (இதில் கேட்டவர்கள் செய்தது தவறா சரியா என்று தத்துவக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக் கதை.)

உங்கள் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். மேலாளர் கூப்பிடாத விடுப்பு நாட்கள் அதில் இருக்கின்றனவா? கேட்டதும் விடுப்பு கொடுத்த நாட்கள்? அந்தச் சக ஊழியர் பூவும் சூரியோதயமும் ஸ்டேட்டஸாக வைத்த நாட்கள்? மடிக்கணினி ஒழுங்காக ஓடியபோது 'இன்றைக்கு இது எனக்கு ஆதரவாக வேலை செய்கிறது' என்று யாரும் நினைப்பதில்லை. நின்றால்தான் அதற்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. அவசரமும் இதைத் தூண்டிவிடும். எவலின் ராசெட் என்ற உளவியலாளர் 2008-இல் காட்டியது என்னவென்றால், ஒருவர் செய்தது தற்செயலாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம் என்ற நிலையில், யோசிக்க நேரம் கொடுக்காமல் கேட்டால் வேண்டுமென்றே என்ற பதில்தான் அதிகம் வருகிறது. தற்செயல் என்று சொல்ல மனசுக்குக் கொஞ்சம் நேரமும் முயற்சியும் தேவைப்படுகிறது. நீங்கள் களைத்துப்போய் இரவு பதினொரு மணிக்கு அந்த நோட்டில் எழுதுகிறீர்கள் என்றால் அந்த நேரம் உங்களுக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது தற்செயலைப் பற்றி நமக்கு இருக்கும் தப்பான எண்ணம். தற்செயலாக நடப்பவை சீராகப் பரவி நடக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது அப்படி நடப்பதே இல்லை, கொத்துக்கொத்தாகத்தான் வரும். ஒரு நாணயத்தை 20 தடவை சுண்டிப் பாருங்கள். எங்காவது தொடர்ந்து நாலு பூவோ நாலு தலையோ வருவதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று பங்குக்கும் மேல். ஆனால் 20 தடவை சுண்டியது போல மனசாலேயே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் தொடர்ந்து நாலு வரும்படி எழுதப் பெரும்பாலோருக்குக் கை வராது, அது திட்டம் போட்டது மாதிரி தெரியும். பாட்டுகளைக் கலைத்துப்போட்டுக் கேட்கும் வசதி வந்தபோது இதே தகராறுதான் நடந்தது. ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறார், இது உண்மையில் கலைக்கவில்லை என்று ஆட்கள் புகார் சொல்ல, ஆப்பிள் நிறுவனம் 2005-இல் ஐடியூன்ஸ் என்ற தன் பாட்டு மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தது. கலைந்தது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக உண்மையான கலைப்பைக் குறைத்தார்கள்!

இதைவிடக் கனமான உதாரணம் போர்க்காலத்து லண்டன். 1944-இல் ஜெர்மானியர்கள் வி-1 என்ற பறக்கும் குண்டுகளை ஏவினார்கள். சில இடங்களில் திரும்பத் திரும்ப விழுகிறது, சில இடங்களில் விழுவதே இல்லை, அப்படியானால் குறிவைத்து அடிக்கிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. போர் முடிந்த பிறகு ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் தெற்கு லண்டனின் 144 சதுர கிலோமீட்டரை 576 சம கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளையும் கட்டம் கட்டமாக எண்ணினார். யாரும் எதையும் குறிவைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் எத்தனை கட்டம் தப்பிக்கும் என்று சூத்திரம் போட்டால் வரும் விடை சுமார் 227. உண்மையில் தப்பித்தவை 229. ஒரே குண்டு விழ வேண்டிய கட்டங்கள் 211, விழுந்ததும் 211. நான்கு குண்டு வாங்கிய கட்டங்கள் 7 இருந்தன, கணக்குப்படியும் 7 இருந்திருக்க வேண்டும். அந்த 7 கட்டங்களில் ஒன்றில் குடியிருந்தவரிடம் போய் 'உங்களை யாரும் குறிவைக்கவில்லை' என்றால் நம்புவாரா? நாலு குண்டு விழுந்த இடத்தில் நிற்கிறவருக்கு மற்ற 569 கட்டங்கள் தெரியாது. உங்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இதில் நுணுக்கமான ஒரு விஷயம் உண்டு. குண்டு போட்டவர்களுக்கு நோக்கம் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை, ஊரை அழிப்பதுதான் நோக்கம். இந்தத் தெரு, இந்த வீடு என்ற நோக்கம்தான் இல்லை. அப்டேட் வந்து நிற்கும் மடிக்கணினியும் அந்த ரகம்தான். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அதுவாகவே மறுதொடக்கம் செய்துகொள்ளும்படி வைத்திருக்கிறார்கள், தள்ளிப்போடுகிறவர்கள் யார் என்றால் எப்போதும் அவசரத்தில் இருப்பவர்கள். அமைப்புகளில் போய் வேலை நேரத்தைக் குறித்து வைத்தால் தீர்ந்தது. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துவிடலாம்.

கடிகாரத்தையும் முடித்துவிடுவோம். 12 மணிக் கடிகாரத்தில் 720 விதமான நேரங்கள் தெரியும். அதில் 11:11, 1:11, 2:22, 3:33, 4:44, 5:55, 10:10, 12:12, 12:34, 1:23, 2:34, 3:45, 4:56, அப்புறம் உங்கள் பிறந்த தேதி, வீட்டு எண் என்று சேர்த்தால் கண்ணை இழுக்கக்கூடியவை 15 தேறும். அதாவது 48-க்கு 1. ஒரு நாளைக்கு 50 தடவை ஃபோனில் நேரம் கண்ணில் படுகிறது என்றால் சராசரியாக நாளைக்கு ஒரு தடவை இவற்றில் ஒன்று கண்ணில் படும், அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 11:11 விசேஷம் என்று ஒருமுறை மனசில் பதிந்துவிட்டால் 11:08-ஐப் பார்த்த 'சும்மா' நேரங்கள் எல்லாம் அன்றைக்கே மறந்துபோகும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் விழாத நாட்களில் காகம் உட்கார்ந்ததை யாரும் எண்ணுவதில்லை.

சரி, மனசு உள்ள இரண்டு பேரிடம் வருவோம், அங்கேதான் நிஜமான கேள்வி இருக்கிறது.

மேலாளர் பக்கத்துக்கு ஒரு தாளை எடுத்து நான்காக மடித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் நீங்கள் விடுப்பில் இருந்தும் அவசர வேலை வந்த நாட்கள். உங்கள் நோட்டு முழுக்க இப்போது இருப்பது இது ஒன்றுதான். இரண்டாவதில் விடுப்பில் இருந்தும் எதுவும் வராத நாட்கள். மூன்றாவதில் விடுப்பில் இல்லாதபோது அவசர வேலை வந்த நாட்கள். நான்காவதில் விடுப்பும் இல்லை, அவசரமும் இல்லை. மின்னஞ்சலையும் விடுப்புப் பதிவையும் வைத்துப் பழைய ஆறு மாதத்தை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். நினைவை மட்டும் நம்பி நிரப்பாதீர்கள், நினைவு முதல் கட்டத்தை மட்டும்தான் பத்திரமாக வைத்திருக்கும்.

இது படிப்பில்லாதவர்கள் செய்கிற தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். யான் ஸ்மெட்ஸ்லுண்ட் என்ற உளவியலாளர் 1963-இல் செவிலியர்களிடம் 100 அட்டைகளைக் கொடுத்தார், ஒவ்வொன்றும் ஒரு நோயாளி. ஒரு அறிகுறிக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அறிகுறியும் நோயும் சேர்ந்து இருந்தவர்கள் 37 பேர். அறிகுறி மட்டும் 33, நோய் மட்டும் 17, இரண்டும் இல்லாதவர்கள் 13. பெரும்பாலான செவிலியர்கள் தொடர்பு இருக்கிறது என்றே சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிகுறி இருந்த 70 பேரில் 53 சதவீதத்தினருக்கு நோய். அறிகுறி இல்லாத 30 பேரில் 57 சதவீதத்தினருக்கு நோய். தொடர்பே இல்லை, இருந்தாலும் அது தலைகீழாகத்தான் இருக்கிறது. அந்த 37 அட்டைகள் மற்றதையெல்லாம் மறைத்துவிட்டன.

உங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு 5 வேலை நாளில் 2 நாளாவது ஏதோ ஒரு அவசரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 நாள் விடுப்பு எடுத்தால் அதில் 4 நாள் சும்மாவே மோதும். நாலு மோதல் நோட்டில் வரிசையாக இருந்தால் பயங்கரமாகத் தெரியும்தான். ஆனால் 10-இல் 8 என்று வந்தால் அது வேறு, அப்போது உங்கள் சந்தேகத்துக்கு உண்மையான கனம் கிடைக்கிறது. அப்போதும் ஒரு நிமிஷம் பொறுங்கள். எல்லாரும் விடுப்பு எடுக்கிற காலத்தில் நீங்களும் எடுத்தால் ஆட்கள் குறைவாக இருப்பார்கள், அதனாலேயே வேலை நெருக்கடியாகும், கூப்பிடுவார்கள். உங்கள் விடுப்பும் அவசரமும் இரண்டுமே மூன்றாவது ஒன்றின் பிள்ளைகளாக இருக்கலாம். அல்லது ஒரு வேலை உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கலாம், நீங்கள் இல்லாத அன்றுதான் அது அவசரமாகும், இருக்கிற அன்று சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

இதற்கு மேல் எண்ணிக்கையால் போக முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-இல் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் கைகொடுக்கிறது. இரும்புத் துகளைக் காந்தம் இழுக்கிறது, நடுவே ஒரு அட்டையை வைத்தால் துகள் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், சுற்றிக்கொண்டு போகாது. காதலனுக்கும் காதலிக்கும் நடுவே சுவர் எழுப்பினால் அவன் சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கமாட்டான், ஏறுவான், சுற்றுவான், வேறு வழி தேடுவான். மனசு இருக்கிற இடத்துக்கு அதுதான் அடையாளம்: வழியை அடைத்தால் வழியை மாற்றும், குறி மட்டும் மாறாது.

அதனால் அடுத்த விடுப்புக்கு முன் ஒரு வழியை அடைத்துப் பாருங்கள். எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, நீங்கள் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்கள், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று மேலாளருக்கும் குழுவுக்கும் இரண்டு நாள் முன்னதாக எழுதி அனுப்புங்கள். அழைப்பு நின்றுவிட்டால் அவருக்கு வேலை நடந்தால் போதும், உங்கள் மேல் தனியாக ஒன்றும் இல்லை. பொறுப்பாள் உட்கார்ந்திருக்கும்போதே அவரைத் தாண்டி உங்களையே கூப்பிடுகிறார், கோப்பு கையில் இருந்தும் வேறொரு சாக்கு வருகிறது, அதற்கும் ஏற்பாடு செய்தால் மூன்றாவது சாக்கு வருகிறது என்றால், உங்கள் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது.

சக ஊழியரின் ஸ்டேட்டஸ் இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அந்த மாதிரி வாசகங்கள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. முதுகில் குத்தியவர் இல்லாத மனிதர் உண்டா? அவர் தன் மைத்துனரை நினைத்துப் போட்டிருக்கலாம், யாரோ அனுப்பியதை அப்படியே போட்டிருக்கலாம். உங்களை நினைத்தும் போட்டிருக்கலாம், அதையும் நான் மறுக்கவில்லை, ஜாடையாகத் திட்ட ஸ்டேட்டஸ் வசதியான இடம்தான். ஆனால் ஒன்று யோசியுங்கள். உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை, போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும்படி ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-சர்ட்டோடு மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம் வாழ்க்கையின் நடுவில் நாம் இருப்பதால் மற்றவர்கள் வாழ்க்கையிலும் நடுவில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. அலுவலகங்களில் அவநம்பிக்கை எப்படி வளர்கிறது என்று 1990-களில் ஆராய்ந்த ராடெரிக் கிரேமர், தன்னை எல்லாரும் கவனிக்கிறார்கள், எடைபோடுகிறார்கள் என்ற உணர்வில் இருப்பவர்கள் நடந்ததை மனசில் அசைபோட்டுக்கொண்டே இருப்பதையும், அசைபோடப் போட சாதாரணச் செயலிலும் சூது தெரிய ஆரம்பிப்பதையும் விவரித்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது, அரண்டவன் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கத்தான் பேய்க்குக் கை கால் முளைக்கிறது.

இங்கே நான்கு கட்டமும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். அவருடைய ஸ்டேட்டஸை மியூட் செய்துவிடுங்கள். உங்களைக் குத்தத்தான் போட்டார் என்றால் அம்பு போய்ச் சேராது, வேறு யாருக்கோ போட்டார் என்றால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த ஊழியர் உங்களோடு நேரில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் கணக்கு. முகத்துக்கு நேரே ஏதாவது சொன்னால், உங்கள் வேலையைக் கெடுத்தால், அதைப் பற்றி அவரிடம் பேசலாம். ஸ்டேட்டஸைப் பற்றிப் பேசப் போனால் 'அது உங்களைப் பற்றி இல்லையே' என்ற ஒரே வரியில் நீங்கள்தான் சின்னவராகிவிடுவீர்கள்.

டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1958-இல் கிளாஸ் கான்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர், தீவிர மனநோய் தொடங்கும் கட்டத்தில் சுற்றியிருக்கும் எல்லாமே திடீரென்று அர்த்தம் நிறைந்ததாக, தன்னை நோக்கியே பேசுவதாகத் தோன்றும் என்று விவரித்தார். உங்கள் அனுபவத்துக்கும் அதற்கும் மேலோட்டமாக ஒற்றுமை இருப்பதால்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். வித்தியாசம் உறுதியில் இருக்கிறது. 'இருக்குமோ' என்பது போய் 'அப்படித்தான்' என்றாகி, என்ன ஆதாரம் காட்டினாலும் அதுவும் சதியின் பாகமாகிவிட்டால். செய்தி வாசிக்கிறவர், தெருவில் போகிற முன்பின் தெரியாதவர்கள் உங்களுக்கென்று தனியாகச் சேதி சொல்வதாகத் தோன்றினால். யாரும் இல்லாதபோது குரல் கேட்டால். இரவுகள் தூக்கமில்லாமல் கழிந்தால். இதனால் வேலைக்குப் போக, ஆட்களோடு பழக முடியாமல் போனால், யாரையாவது பழிவாங்கவோ உங்களையே காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்தால், நோட்டு, கட்டம், சோதனை எல்லாவற்றையும் தூரப் போட்டுவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் போகிறவர்களுக்குச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. இவற்றில் எதுவும் இல்லை, தூக்கம் மட்டும் சரியில்லை என்றாலும் அதை முதலில் சரிசெய்யுங்கள், தூக்கம் கெட்டவருக்கு எல்லாரும் எதிரியாகத் தெரிவது சகஜம்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். சார், 'கற்பனை' என்று சொல்லும்போது நீங்கள் அவர் தவறு என்று மட்டும் சொல்லவில்லை, இனிமேல் இதை என்னிடம் கொண்டுவராதே என்றும் சொல்கிறீர்கள். அப்புறம் அவர் நோட்டிடம்தான் பேசுவார், நோட்டு எதையும் மறுத்துப் பேசாது. அந்த நான்கு கட்டத் தாளை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு உறுத்துகிற ஒன்று. மேலாளர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நிரூபித்தால்தான் அவரிடம் குறை சொல்ல முடியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அதனால்தான் இத்தனை மாதமாக ஆதாரம் சேர்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள். நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடுப்பில் இருக்கிறவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது தப்பு, அதைத் தப்பு என்று சொல்ல அவர் மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 'நீங்கள் ஏன் என்னையே குறிவைக்கிறீர்கள்?' என்று ஆரம்பித்தால் அவர் இல்லை என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'போன ஆறு மாதத்தில் நான் எடுத்த இத்தனை நாள் விடுப்பில் இத்தனை நாள் வேலை செய்திருக்கிறேன், தேதிகள் இதோ, அடுத்த தடவை இது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். இதற்கு அவர் இல்லை என்று சொல்ல முடியாது. பேசி முடித்ததும், பேசியதை நாலு வரியில் அவருக்கே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால், வந்தும் ஒன்றும் மாறாவிட்டால், அந்த மின்னஞ்சலோடும் தேதிகளோடும் மனிதவளப் பிரிவுக்குப் போங்கள். 11:11 பற்றி அங்கே பேச வேண்டாம்.